மருந்தை அளந்த சட்டமும் அளவைக்குள் வராத உழைப்பும்: அருப்புக்கோட்டை, திருச்சுழி வறண்ட நிலப்பகுதியில் வெடிபொருள் தொழிலாளரின் பணியிட ஆபத்துகள் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

விருதுநகர் மாவட்டத்தின் வறண்ட நிலப்பகுதியில் தீப்பெட்டி, பட்டாசு, கல்குவாரி ஆகிய மூன்று தொழில்களும் தீப்பற்றும் அல்லது வெடிக்கும் பொருளைக் கையாள்வன. இவற்றில் நிகழும் உயிரிழப்புகளுக்கும் காயங்களுக்கும் பொருளின் இயல்பும் தொழிலாளரின் கவனக்குறைவும் காரணங்களாகக் கூறப்படுவது வழக்கம். 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் முதல் அண்மைக்கால நீதிமன்ற ஆணைகள் வரையிலான ஒழுங்குமுறையின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. மருந்தின் எடையையும் கட்டடத்தின் இடைவெளியையும் நுணுக்கமாக அளந்த அந்த ஒழுங்குமுறை, வேலை தரப்படும் முறையை அளவைக்குள் கொண்டுவரவில்லை என்றும், ஆபத்து பெருகியது அந்த இடைவெளியில்தான் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. அதே துறையின் கண்காணிப்பில் உள்ள எண்ணெய், எரிவாயுத் தொழில் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கரிசல், வெடிபொருள் சட்டம், தீப்பெட்டி, பட்டாசு, கல்குவாரி, உள்குத்தகை, இழப்பீடு

முன்னுரை

2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் காலையில், காரியாபட்டி வட்டம் ஆவியூரை அடுத்த கல்குவாரி ஒன்றின் வெடிபொருள் கிடங்கில் வெடிப்பு நிகழ்ந்து தொழிலாளர் மூவர் உயிரிழந்தனர். அன்று தொழிலாளர் நாள். மாவட்டத்தின் பட்டாசு விபத்துகள் பெரும்பாலும் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ஆகிய மேற்குப் பகுதிகளோடு இணைத்தே பேசப்பட்டு வந்துள்ளன. திருச்சுழிச் சட்டமன்றத் தொகுதிக்குள் அடங்கும் காரியாபட்டியில் நிகழ்ந்த இவ்விபத்து, வெடிபொருளின் ஆபத்து ஒரு நகரத்துக்கோ ஒரு தொழிலுக்கோ உரியதன்று என்பதைக் காட்டியது. எனவே தீப்பெட்டி, பட்டாசு, குவாரி ஆகியவற்றைத் தனித்தனியே நோக்காமல், ஒரே நிலப்பகுதியின் உழைப்பு வரலாறாக நோக்க வேண்டியுள்ளது.

வறண்ட நிலமும் வேலை தேடிய கைகளும்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகள் 1910இல் உருவான இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. 1985இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இன்றைய விருதுநகர் மாவட்டத்தோடு சேர்ந்தன. அருப்புக்கோட்டையைச் சூழ்ந்த கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. பருத்தி, கம்பு, சோளம், மல்லி, மிளகாய் ஆகியவை அதன் விளைச்சல். திருச்சுழியை ஒட்டி ஓடும் குண்டாறு மழைக்காலத்தில் மட்டுமே நீர் காணும் ஆறு. நரிக்குடிப் பக்கத்து நெல் வேளாண்மை கண்மாய் நீரை நம்பியது. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அடுத்த அறுவடைவரை வயலில் வேலை இராது.

இச்சூழலில் வேளாண்மைக்கு வெளியே கிடைத்த எந்த வேலையும் மக்களுக்கு மதிப்புடையதாயிற்று. அருப்புக்கோட்டையில் நெசவும் நூற்பாலைகளும் ஒரு பகுதியினரைத் தாங்கின. திருச்சுழி, நரிக்குடிப் பக்கங்களில் சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பது வறட்சிக் காலத்துப் பிழைப்பாயிற்று. காரியாபட்டிப் பக்கத்தில் கல்குவாரிகளும் கல் உடைக்கும் ஆலைகளும் பெருகின. மேற்கே, அருப்புக்கோட்டையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், சிவகாசியின் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தன.

உழவனுக்குப் பகையான வறட்சி இவ்விரு தொழில்களுக்கும் துணையாக அமைந்தது. மருந்து முக்கிய குச்சியும் மருந்து செலுத்திய குழாயும் உலர்வதற்கு வெயிலும் ஈரமற்ற காற்றும் வேண்டும். இரண்டும் இங்குச் செலவின்றிக் கிடைத்தன. அதே வெயிலும் உலர்ந்த காற்றும் வெடிமருந்தை உராய்வுக்கும் நிலைமின் பொறிக்கும் எளிதில் இரையாக்குவன. தொழிலை இவ்வட்டாரத்துக்கு ஈர்த்த இயற்கைக் காரணமும் விபத்துக்கு வழிவகுக்கும் இயற்கைக் காரணமும் ஒன்றே என்பது இவ்வரலாற்றின் அடிப்படை முரண்.

தீப்பெட்டி: வரி அமைப்பும் சிதறிய பணியிடமும்

தீப்பெட்டித் தொழிலின் உலக வரலாற்றில் முதலில் அறியப்பட்ட பெருங்கேடு வெண்பாசுவரம். அதன் ஆவியை நெடுநாள் சுவாசித்த தொழிலாளரின் தாடை எலும்பு அழுகியது. 1906ஆம் ஆண்டு பெர்ன் உடன்படிக்கை அதன் பயன்பாட்டைத் தடை செய்தது. இந்தியாவில் 1913ஆம் ஆண்டுச் சட்டம் வெண்பாசுவரத் தீக்குச்சிகளை விலக்கியது. எனவே 1920களில் ஐயநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா சென்று தொழில்நுட்பம் கற்றுவந்து சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலுக்கு வித்திட்டபோது, மிகக் கொடிய நச்சுப்பொருள் சட்டத்தால் விலக்கப்பட்டிருந்தது. குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் பெட்டியின் பக்கத்தில் செம்பாசுவரமும் அமைந்த பாதுகாப்புத் தீப்பெட்டியே இங்கு உருவாயிற்று. பொருளை மாற்றுவதன் மூலம் தொழிலாளரைக் காக்க முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அடுத்து வந்த மாற்றம் பொருளைச் சார்ந்ததன்று. பணியிடத்தின் அமைப்பைச் சார்ந்தது.

1934இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி விதிக்கப்பட்டது. விடுதலைக்குப் பின், சுவீடன் முதலீட்டில் அமைந்த இயந்திரத் தீப்பெட்டி ஆலைகளோடு கைத்தொழில் போட்டியிடும் பொருட்டு, உற்பத்தி அளவு குறைந்த அலகுகளுக்கு வரிச்சலுகை அளிக்கப்பட்டது. சலுகையின் நோக்கம் சிறுதொழிலைக் காப்பது. விளைவு அதனோடு நிற்கவில்லை. ஒரே உரிமையாளரின் உற்பத்தி பல பெயர்களில், பல சிற்றலகுகளாகப் பிரிக்கப்படுவதற்கு அது ஊக்கம் தந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமோ, மின்விசை பயன்படும் இடத்தில் பத்துப் பேரும், பயன்படாத இடத்தில் இருபது பேரும் இருந்தாலே பொதுவாகப் பொருந்தியது. கையால் குச்சி அடுக்கும் சிற்றலகு இவ்வரம்புக்குக் கீழே நின்றுவிட முடிந்தது. பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைக்குப் போயிற்று. வரிச்சட்டம் உற்பத்தியைச் சிதறச் செய்ய, தொழிலாளர் சட்டம் சிதறியவற்றைக் காணாமல் விட்டது.

இச்சிதறலில் மிகுதியாக இழந்தவர்கள் குழந்தைகள். சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் குழந்தை உழைப்பு குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1990 அக்டோபரில் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 50,000 ரூபாய்க்குக் கட்டாயக் காப்பீடு வேண்டும் எனப் பணித்தது. 1991இல் பட்டாசு ஆலை ஒன்றில் 39 பேர் இறந்ததாகச் செய்தி வந்தபின் நீதிமன்றம் இப்பொருளை மீண்டும் கையிலெடுத்தது. 1996 டிசம்பரில், அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட குழந்தை ஒருவருக்கு 20,000 ரூபாய் வீதம் உரிமையாளர் செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆபத்தான வேலையில் அமர்த்தியதே தவறு, விபத்து நிகழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்ற கொள்கை அத்தீர்ப்பில் அடங்கியிருந்தது. அக்கொள்கை குழந்தைகளோடு நின்றது. அவர்களின் இடத்தில் வந்து அமர்ந்த பெண்களுக்கு நீளவில்லை.

மருந்தை மையமிட்ட சட்டம்

பட்டாசுத் தொழிலை ஆள்வது 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம். குடியேற்ற அரசு இயற்றிய அச்சட்டம் வெடிபொருளைத் தயாரித்தல், வைத்திருத்தல், பயன்படுத்தல், விற்றல், எடுத்துச்செல்லல், இறக்குமதி செய்தல் ஆகியவற்றை உரிமத்துக்குள் அடக்கியது. யார் கையில் எவ்வளவு மருந்து உள்ளது என்பதே அரசுக்கு முதற்கவலை. அதன்கீழ் 1940, 1983, 2008 ஆகிய ஆண்டுகளில் விதிகள் இயற்றப்பட்டன. 1898இல் தோன்றிய வெடிபொருள் துறை, இன்று நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பாக இயங்குகிறது. பட்டாசு ஆலைக்கு உரிமம் தரும் இவ்வமைப்பே பெட்ரோலியக் கிடங்கு, எரிவாயு உருளை முதலியவற்றையும் கண்காணிக்கிறது.

வட்டார வழக்கில் ஆலைகள் உரிமத்தின் பெயராலேயே அறியப்படுகின்றன. மாவட்ட நிர்வாகம் தருவது 'டி.ஆர்.ஓ. லைசென்ஸ்', அதற்கு மேல் 'சென்னை லைசென்ஸ்', அதற்கும் மேல் 'நாக்பூர் லைசென்ஸ்'. இப்படிநிலைக்கு அடிப்படை மருந்தின் அளவு. மாவட்ட அளவிலான உரிமத்தில் ஒரே நேரத்தில் 15 கிலோவுக்கு மேல் வைத்திருக்க இயலாது. ஒரு பணி அறையில் நான்கு பேருக்கு மேல் அமரலாகாது. அறைக்கும் அறைக்கும் உரிய இடைவெளி வேண்டும். வெளியேறத் தடையற்ற வாயில்கள் வேண்டும். ஓர் அறை வெடித்தால் அழிவு அந்த அறையோடு நிற்க வேண்டும் என்பதே இவ்விதிகளின் தருக்கம்.

அறிவியல் நோக்கில் இவ்விதிகள் குறையுடையன அல்ல. 1992 ஜனவரியில் கந்தகமும் குளோரேட்டும் சேர்ந்த கலவை தடை செய்யப்பட்டதும் அவ்வாறே. சிறு உராய்வுக்கும் தீப்பற்றக்கூடிய அக்கலவையின் நீக்கம் உண்மையான பாதுகாப்பு நடவடிக்கை. ஆயினும் இவ்விதிகளில் கூலி என்ற சொல்லுக்கு இடமில்லை. ஓர் அறையில் நான்கு பேர் என்று வகுத்த விதி, அந்த நால்வருக்கும் எந்த அடிப்படையில் கூலி தரப்படுகிறது என்று கேட்கவில்லை.

அறைக்குள் நிகழ்வது

பட்டாசுத் தொழிலில் பெருங்காயங்கள் பெரும்பாலும் மருந்துக் கலவை, மருந்து செலுத்துதல், உலர்த்துதல் ஆகிய மூன்று நிலைகளில் நிகழ்கின்றன. பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியத் தூள் ஆகியவற்றைச் சலித்துக் கலக்கும்போது உராய்வோ நிலைமின்னோ போதும். ஈரம் பட்ட அலுமினியம் நைட்ரேட்டோடு வினைபுரிந்து தானே சூடேறும். ஆகையால் மாலையில் மீந்த கலவை மறுநாள் காலைவரை கிடப்பது, காண்பவருக்கு எந்த அறிகுறியும் காட்டாத ஆபத்து. வினையைத் தடுக்கப் போரிக் அமிலம் சேர்ப்பதும், அன்றைய கலவையை அன்றே முடிப்பதும், கழிவு மருந்தை நாள்தோறும் அகற்றுவதும் இதற்காகவே. விண்ணில் வண்ணம் காட்டும் பேன்சி ரகங்களுக்கான மணிமருந்து உராய்வுக்கு இன்னும் கூர்மையாக எதிர்வினை காட்டுவது.

இப்பணிகளில் பெரும்பகுதிக்கு எண்ணிக்கைக் கூலி. குரோஸ் கணக்கில் முடித்த வேலைக்கே பணம். வெப்பம் ஏறும் நேரத்தில் வேலையை நிறுத்தினால் அன்றைய கூலி குறையும். மீந்த கலவையை அழித்தால் அதைக் கலந்த உழைப்பு வீணாகும். மருந்தைச் சிறிது சிறிதாகக் கொண்டுவந்தால் நேரம் போகும். ஒரேயடியாகக் கொண்டுவந்தால் அறையில் இருப்பு கூடும். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் தேவை உயரும்போது நால்வர் அறையில் ஐந்தாமவர் அமர்கிறார். மர நிழலிலும் வேலை நடக்கிறது. விதிமீறல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கூலிக் கணக்கு உண்டு. கவனக்குறைவு என்று விசாரணைக் குறிப்புகளில் எழுதப்படுவது, பல நேரங்களில் கவனமாகச் செய்யப்பட்ட கணக்கு.

உள்குத்தகை: பொறுப்பு கரையும் இடம்

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிப்பில் 38 பேர் இறந்தனர். அவர்களில் உதவிக்கு ஓடிவந்த அயலாரும் உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023 அக்டோபர் 17 அன்று ஒரே நாளில் நிகழ்ந்த இரு விபத்துகளில் 14 பேர் இறந்தனர். 2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டைப் பகுதியில் 10 பேர் இறந்தனர். இவற்றுள் முதலிப்பட்டி, அச்சன்குளம் ஆகிய இரண்டையும் ஒட்டி உள்குத்தகை என்ற சொல் பொதுவெளியில் அழுத்தமாகப் பேசப்பட்டது.

உரிமம் பெற்றவர் தம் ஆலையின் அறைகளைப் பலருக்கு வாடகைக்கு விடுவதே உள்குத்தகை. ஒரே வளாகத்தில் பலர் தனித்தனியே மருந்து வாங்கி, தனித்தனியே ஆள் வைத்து உற்பத்தி செய்வர். இவ்வேற்பாட்டுக்கு விதிகளில் இடமில்லை. உரிமத்தாளில் ஒரு போர்மேன். நடைமுறையில் அறைக்கொரு முதலாளி. வளாகத்தில் மொத்தம் எவ்வளவு மருந்து உள்ளது என்பதை எவரும் ஒருங்கே அறியார். மருந்தின் அளவையே உயிர்நாடியாகக் கொண்ட சட்டம், அளப்பவரே இல்லாத இடத்தில் பொருளற்றதாகிறது. உரிமத்தை இடைநிறுத்துவது இதற்குத் தீர்வாக முன்வைக்கப்படுகிறது. உரிமம் பெற்ற ஆலை மூடப்படும் நாளில் கருந்திரி திரிக்கும் வேலை வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் இடம்பெயரும் என்பது இவ்வட்டாரம் அறிந்த உண்மை. வறட்சியில் வேறு வேலை இல்லாத குடும்பத்துக்கு ஆலை மூடல் என்பது பாதுகாப்பன்று. ஆபத்தின் முகவரி மாற்றம்.

குவாரி: இரு சட்டங்களுக்கு இடையில்

காரியாபட்டிப் பகுதியின் குவாரிகள் இதே சிக்கலை வேறு வடிவில் காட்டுகின்றன. குவாரியின் வெடிபொருள் கிடங்கும் அதை ஏற்றிவரும் வண்டியும் வெடிபொருள் சட்டத்தின்கீழ் வருவன. குழிக்குள் துளையிட்டு வெடி வைப்பது 2025 வரை 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்கீழ் வந்தது. ஆழம் குறைந்த, ஆள் குறைந்த திறந்தவெளிக் குழிகளுக்கு அச்சட்டம் விலக்களித்தது. வெடிபொருள் பயன்பட்டால் அவ்விலக்கு இருக்கவில்லை. தகுதிச் சான்று பெற்றவரே வெடி வைக்க வேண்டும் என்பதும் விதி.

ஆனால் கிடங்கிலிருந்து குழிவரை பெட்டியைத் தூக்கிச் செல்பவர் எத்தகுதிச் சான்றும் தேவைப்படாத கூலியாள். கிடங்கை ஆய்வு செய்யும் அலுவலரும் குழியை ஆய்வு செய்யும் அலுவலரும் வெவ்வேறு துறையினர். மருந்து ஒரு பதிவேட்டிலிருந்து மற்றொரு பதிவேட்டுக்கு மாறும் அந்த இடைவழியில் தொழிலாளி எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

இழப்பீடும் காயமுற்றோரும்

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு மாதக் கூலியின் 50 விழுக்காட்டையும், முழுமையாகவும் நிலையாகவும் செயலிழந்தவருக்கு 60 விழுக்காட்டையும் வயதுக்குரிய காரணியால் பெருக்கித் தர 2025 வரை வகைசெய்தது. கணக்கு தெளிவானது. அதற்கு வேண்டிய மூலம் கூலிச் சான்று. எண்ணிக்கைக் கூலி பெற்ற, வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறாத பெண்ணுக்கு மாதக் கூலி எது என்பதிலேயே வழக்கு தடைப்படும். ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் முதன்மை உரிமையாளரே பொறுப்பு என்று சட்டம் கூறினும், உள்குத்தகையில் முதன்மை உரிமையாளர் யார் என்பதே தகராறு.

காயமுற்றோரின் நிலை இதனினும் கடினம். சட்டத்தின் முதல் அட்டவணை பெரும்பாலும் உறுப்பு இழப்பின் மொழியில் அமைந்தது: கை, விரல், கால், கண். தீக்காயத்தின் இயல்பு வேறு. விரல்கள் இருக்கும், தழும்பு சுருங்கி அவை மடங்காமற்போகும். அட்டவணையில் நேரடி இடமில்லாத அக்குறைபாட்டை மருத்துவர் மதிப்பிட வேண்டும். அதற்குப் பலமுறை மதுரைக்கோ சிவகாசிக்கோ அலைய வேண்டும். வெயிலில் நிற்க இயலாத தோலோடு வயல் வேலைக்குத் திரும்பவும் முடியாது. இறந்தோரின் எண்ணிக்கை செய்தியாகவும் புள்ளியாகவும் பதிவாகிறது. பல ஆண்டுகள் உயிர்வாழும் காயமுற்றோர் வரலாற்றுப் பதிவிலிருந்து மறைந்துபோகின்றனர்.

அச்சன்குளம் விபத்தைத் தாமாக எடுத்து விசாரித்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இறந்தோர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் வீதம் இழப்பீடு பணித்தது. 1985இல் தில்லியில் நிகழ்ந்த ஒலியம் வாயுக் கசிவை ஒட்டி 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த முழுப்பொறுப்புக் கொள்கை சுற்றுச்சூழல் சட்டத்தின் வழியே வளர்ந்தது. கூலிச் சான்றை மட்டும் நம்பாத இவ்வழி வரவேற்கத்தக்கது. எனினும் தொழிலாளர் சட்டத்தால் பெற இயலாததைச் சுற்றுச்சூழல் சட்டத்தின் வழி பெற வேண்டியிருப்பது தொழிலாளர் சட்டத்தின் தோல்வியையே காட்டும். 2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புகளுக்கும் விதித்த தடையிலும் முன்நின்றது நகர மக்களின் சுவாசம். அதே பொடியை அறைக்குள் நாள் முழுதும் சுவாசிப்பவரின் நுரையீரல் அவ்வழக்கின் மையப் பொருளாகவில்லை.

எண்ணெய், எரிவாயுத் தொழிலோடு ஒப்பீடு

வெடிக்கும் பொருளைக் கையாள்வதாலேயே உயிரிழப்பு தவிர்க்க இயலாதது என்ற கருத்தை எண்ணெய், எரிவாயுத் தொழில் மறுக்கிறது. 1984 போபால் பேரழிவுக்குப் பின் 1986இல் எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் நிறுவப்பட்டது. அத்துறையில் பணி அனுமதிச் சீட்டு முறை நடைமுறையில் உள்ளது. தீ சார்ந்த வேலை தொடங்குமுன் வாயு அளவு சோதிக்கப்பட்டு, பொறுப்பாளர் கையொப்பமிட வேண்டும். நிலைமை மாறினால் அனுமதி நீங்கும். ஆபத்தின் அளவு இங்குப் பொருளால் மட்டுமன்றி வேலையாலும் வரையறுக்கப்படுகிறது. அனுமதி இன்றி வேலை நின்றாலும் நிலைத்த ஊதியம் பெறுபவரின் கூலி நிற்பதில்லை என்பதே இம்முறையின் சொல்லப்படாத அடித்தளம்.

அந்த அடித்தளம் இல்லாத இடத்தில் எண்ணெய்த் தொழிலிலும் இதே நிலைதான். 2013 ஆகஸ்டில் விசாகப்பட்டினம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் குளிர்விப்புக் கோபுரப் பணியிடத்தில் ஏற்பட்ட தீவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர் மிகுதி. பெருநிறுவனத்தின் வளாகத்துக்குள்ளும் ஒப்பந்தச் சங்கிலியின் கடைக்கண்ணியில் நிற்பவரே முதலில் இரையாகிறார். எனவே வேறுபாடு எண்ணெய்க்கும் பட்டாசுக்கும் இடையில் இல்லை. பொறுப்பேற்கும் முதலாளி உள்ள வேலைக்கும் இல்லாத வேலைக்கும் இடையில் உள்ளது.

முடிவுரை

ஒரு நூற்றாண்டு வரலாறு மூன்று முடிவுகளைத் தருகிறது. முதலாவது, பொருளை மாற்றும் நடவடிக்கைகள் பயன் தந்துள்ளன. 1913ஆம் ஆண்டுத் தடையும் 1992ஆம் ஆண்டுத் தடையும் அதற்குச் சான்று. இரண்டாவது, பணியிடத்தைச் சிதறச் செய்த வரிச்சலுகையும் உள்குத்தகையும் அப்பயனைப் பெருமளவு தின்றுவிட்டன. மூன்றாவது, வெடிபொருள், தொழிற்சாலை, சுரங்கம், இழப்பீடு ஆகிய நான்கு சட்டங்களும் ஒரே தொழிலாளியைப் பற்றியனவாயினும், அவரை ஒரே பதிவேட்டில் காணும் ஏற்பாடு உருவாகவில்லை.

மருந்தின் எடைக்கு உரிமம் இருப்பது போல, அறையில் அமர்பவரின் பெயருக்கும் கூலிக்கும் பதிவு இருத்தல் வேண்டும். மருந்து கலத்தல், செலுத்துதல், வெடி வைத்தல் ஆகிய பணிகளில் எண்ணிக்கைக் கூலியை நீக்கி நாள் ஊதியம் வழங்குவது, கட்டட இடைவெளி விதிக்கு ஒப்பான பாதுகாப்பு விதியாகக் கருதப்பட வேண்டும். வேலையை நிறுத்தினால் அடுப்பு அணையும் என்ற நிலை தொடரும்வரை, ஆபத்து தெரிந்தும் அறைக்குள் செல்பவரை எந்த எச்சரிக்கைப் பலகையும் தடுக்காது. கரிசலின் வறட்சி இயற்கையின் செயல். அவ்வறட்சியை மலிவுக் கூலியாக மாற்றிய ஏற்பாடு மனிதர் செய்தது, ஆகவே மாற்றத்தக்கது.